பழைய கார்டு கொடுத்த குரல்

ஒரு கணினிக்குள் இரண்டு சவுண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று பழசு, மற்றது அன்று காலைதான் வந்தது. இனிப் பாட்டெல்லாம் புதுசுக்கே என்று கணினி முடிவு செய்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கரின் ஒயரை மாற்றிச் செருக யாருக்கும் தோன்றவில்லை. அது பழசிலேயே கிடந்தது.

புதுசு தொண்டை கிழியப் பாடியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"ஸ்பீக்கர் செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றாள் வீட்டுக்காரி குமுதவல்லி. கடைசியாக இரண்டு கார்டுகளையும் தனித்தனியே சோதித்துப் பார்த்தாள். புதுசிடமிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது பழசின் முறை.

"அண்ணே, நீங்க குரல் குடுத்தா ஒயர் உங்ககிட்ட இருக்கறது தெரிஞ்சுடும். பிடுங்கிடுவாங்க" என்று பதறியது ஸ்பீக்கர்.

"குடுக்கலேன்னா உன்னைக் குப்பையில போட்டுடுவாங்களேப்பா" என்ற பழசு, கணீரென்று 'டிங்' என்றது. அந்த அறை அப்படியொரு டிங்கைக் கேட்டதே இல்லை.

குமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஒயரைப் பிடுங்கிப் புதுசில் செருகினாள். பாட்டு வீட்டை நிறைத்தது.

இரண்டு சரணங்களுக்கு நடுவே ஸ்பீக்கர் மெல்லக் கேட்டது: "வருத்தமா அண்ணே?"

"பேசாம பாடுப்பா" என்றது பழசு. "இத்தனை வருஷம் பாடிக்கிட்டே இருந்துட்டேன். இன்னிக்குத்தான் பாட்டுக் கேக்க வாய்ச்சிருக்கு."