மேற்படி முகவரியில் வசிக்கவில்லை

பத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. பதினோராவது படிவத்தில் பேனா நின்றது.

பஞ்சவர்ணம். வயது 46. கதவு எண் 27. கணவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர்.

அதற்குக் கீழே, மற்ற பத்திலும் இருந்த அதே வரி. 'மேற்படி முகவரியில் இவர் வசிக்கவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டுகிறேன்.'

வசிக்காதவள் அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று வார்டு செயலாளருக்குப் போன் போட்டான். யார் பெயர் என்று சொல்லவில்லை. பொதுவாகத்தான் கேட்டான்.

"தப்பெல்லாம் வராதுண்ணே. மேல இருந்து வர்ற லிஸ்ட்டு. செவப்புன்னா செவப்புதான். சாயங்காலத்துக்குள்ள பதினொண்ணும் வந்துரணும்."

போனை வைப்பதற்கு முன் அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தெரிந்து சிரித்தாரா?

கட்சி லிஸ்ட்டில் இப்போது ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு நிறம் வந்துவிட்டது. பச்சை நம்ம ஆள். மஞ்சள் இழுத்தால் வரும். சிவப்பு தேறாது. தேறாதவர்கள் எல்லாரும் வீடு மாறிப் போய்விட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் தெருப் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருவுக்கு அவன்தான் பொறுப்பாளர்.

தன் பெயருக்கு எதிரே என்ன நிறம் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அடுப்படியைப் பார்த்தான். முதுகு மட்டும் தெரிந்தது. எந்தத் தேர்தலிலிருந்து இப்படி? போன தடவையுமா? விரலில் மையோடு வந்து அவனுக்கே காப்பி போட்டுக் கொடுத்தாளே.

'எங்க வீட்ல ரெண்டு ஓட்டு' என்று கட்சி ஆபீசில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான். அவளிடம் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

கட்சிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்தான். எடுக்கும்போது கை கூசியது. ஆனாலும் எடுத்தான்.

அண்ணன். மாவு மில். மகள். மகள். மகள்.

போன மாதம் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, பெயரில்லாத நம்பர். ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

அவனோடு சேர்ந்தாற்போல் ஆறு நிமிடம் அவள் பேசியதே இல்லை.

யாரிடமிருந்து நம்பர் போயிருக்கும் என்று யோசித்தான்.

கண் சிகிச்சை முகாம் என்று சொல்லித் தெருப் பெண்களின் நம்பரையெல்லாம் நோட்டில் வாங்கியவன் அவன்தான். முதல் பெயர் ராசியாக இருக்கட்டும் என்று, கடை திறந்ததும் போணி செய்கிற மாதிரி, பெண்டாட்டி நம்பரைத்தான் முதலில் எழுதினான். பிறகுதான் மற்றவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். கட்சி ஆபீசிலிருந்து யாரோ ஒரு தம்பி வந்து நோட்டை வாங்கிப் போனான். முகாம் நடக்கவே இல்லை.

குடத்தை இறக்கிவிட்டு அவள் நின்றாள். அவன் கையில் அவள் போன். மடியில் படிவங்கள். மறைக்க நேரமில்லை.

"போன்ல யார்கிட்ட பேசுன?"

"ஒரு பிள்ளை. தண்ணி வருதான்னு கேட்டுச்சு. சாக்கடை கேட்டுச்சு. இந்தத் தடவை யாருக்கு போடுவீங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"எவளோ கேட்டா சொல்லிருவியா?"

"நீங்க கேட்டதில்லையே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் கோபப்பட்டிருக்கலாம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படிவங்களை எடுத்தாள். எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தாள். எல்லாம் தெரிந்த பெயர்கள். தன் பெயரிலும் அதே நிதானம்தான்.

பிறகு வாசலுக்குப் போனாள்.

"கமருன்னிசாக்கா!"

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. இருக்கியான்னு பாத்தேன்."

அந்தப் பெயர் இருந்த படிவத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். திரும்பவும் வாசல்.

"சூசையண்ணே!"

தையல் மெஷின் நின்றது. "ஓய்!"

இன்னொரு படிவம் மடிக்கு வந்தது.

அவனுக்கு எழுந்து தடுக்க வேண்டும்போல் இருந்தது. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எழவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் பதில் குரல் வந்தது. வேலைக்குப் போயிருந்த இரண்டு பேருக்கு அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் பதில் சொன்னார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று.

பத்தும் ஆயிற்று. பத்திலும் அவன் கையெழுத்து காயாத மாதிரியே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

"இவ இருக்காளான்னு நீங்க கூப்பிட்டுப் பாருங்க."

உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். 'ஏய்' என்று கூப்பிட்டிருக்கிறான். 'இந்தா' என்று. மகள் பிறந்த பிறகு மகள் பெயரைச் சொல்லி. அவளும் அதற்கெல்லாம் வந்திருக்கிறாள்.

அடுப்படியில் சத்தமே இல்லை.

அவன் போன் அடித்தது. வார்டு செயலாளர். அடித்து நின்று, மறுபடி அடித்தது.

படிவத்தில் அச்சாகியிருந்த பெயரை அவன் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.