மூன்றாவது வாத்தியம்

ஜான்சியின் அப்பா கடலூர் சிப்காட் அருகே பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஜான்சி டிரம்ஸ் வாசிப்பாள், இளவரசு கிதார் வாசிப்பான். அவர்களுடைய புளூஸ் ராக் இசைக்குழுவில் இருவர் மட்டும்தான். பதிவு செய்தால் ஒரே மைக், வெட்டு ஒட்டு கிடையாது. அடித்தொண்டையில் பேசும் பேஸ் கிதாரை மட்டும் சேர்ப்பதில்லை என்பதில் இருவருமே பிடிவாதமாக இருந்தார்கள்.

2008இல் சிதம்பரத்தில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்ப ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். போட்டுக் கேட்டபோது அதில் பேஸ் கிதார் இருந்தது.

"ஒயரு கோளாறுடா, இன்னொரு வாட்டி" என்றாள் ஜான்சி.

ஒயரை மாற்றினார்கள். அப்போதும் பேஸ் இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு வாசித்தார்கள். இன்னும் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு பேரு வாசிச்சா ரெண்டு பேரு சத்தந்தான் கேக்கணும். இன்னொரு வாட்டி" என்றான் இளவரசு. கிழிந்த விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டான்.

இம்முறை அவன் நடுவில் தடுமாறினான். பதிவில் பேஸும் அங்கே நின்று, அவன் சுதாரிக்கும்வரை காத்திருந்து, பிறகு சேர்ந்துகொண்டது.

"இத்த ஒழிச்சிட்டுதான் நான் வூட்டுக்குப் போவேன்" என்றாள் ஜான்சி. வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பாட்டு நேரத்துக்கு வெறும் ஷெட்டைப் பதிவு செய்தார்கள்.

போட்டுக் கேட்டார்கள். பேஸ் இல்லை. மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது. ஜான்சி நிறுத்தப் போனாள்.

அப்போது பதிவிலிருந்து ஒரு ஆண்குரல், கொஞ்சமும் சலிப்பில்லாமல், "இன்னொரு வாட்டி" என்றது.