எங்கும் மாட்டாத படத்தின் விலை

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் கன்னிகா அந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது.

அவளேதான். திருச்சானூர் லாட்ஜின் மொட்டைமாடியில், காயப்போட்ட வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கூட வேலை செய்யும் தாட்சாயணி சொன்னபோது நம்பவில்லை. பாவி மனுஷன், எந்த மாடியில் நின்று எடுத்தானோ!

நகரியில் விசைத்தறி ஓட்டும் ஆதிகேசவன் அவள் புருஷன். அவன் அடி தாங்காமல்தான் ஓடிவந்தாள். கையில் கிடைத்தால் வெட்டிப்போடுவேன் என்று சொல்லிக்கொண்டு அவன் இன்னும் தேடுகிறான். லாட்ஜில் துணி துவைத்து, யார் கண்ணிலும் படாமல் கிடந்தவளுக்கு, சிரிப்பே இப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

போட்டோக்காரர் பிரபாகர், அவள் பங்கு கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார் போலும். கேட்காமலே கணக்கை விளக்கினார்.

படத்தை விற்பதில்லையாம், வாடகைக்குத்தான் விடுவாராம். காலண்டர் என்றால் ஒரு ரேட்டு. ரோட்டோர போர்டு என்றால் அதைவிடக் கூட. எத்தனை ஊரில் மாட்டுகிறார்கள், எத்தனை வருஷம் வைக்கிறார்கள் என்று பார்த்து ஏறும். வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றால் எல்லாவற்றையும்விட அதிகம். நெட்டில் போட்டதிலிருந்து ஒரு சோப்புக் கம்பெனி கேட்டபடி இருக்கிறதாம்.

சித்தூர் ரோட்டில், புத்தலப்பட்டுத் திருப்பத்தில், தன் முகம் வீடளவுக்கு நிற்பதை நினைத்தாள். உண்மையைச் சொல்லவும் பயம். இவர் யாரிடம் போய் உளறுவாரோ!

காதிலிருந்த கம்மலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, எங்கியுமே மாட்டாம இருக்கணும்னா எவ்ளோண்ணா?"

பிரபாகர் சிரித்துவிட்டார். கம்மலை அவள் பக்கமே தள்ளினார். படம் காலையிலேயே கைமாறிவிட்டதாம். வாங்கியவர் அதை எங்கேயும் மாட்டப்போவதில்லையாம், இனி வேறு யார் கையிலும் அது இருக்கக்கூடாதாம். சுவரில் இருப்பதையும் கழற்றச் சொல்லிவிட்டாராம்.

கன்னிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்தப் புண்ணியவானோ, நன்றாயிருக்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்மலைப் போட்டுக்கொண்டாள்.

பிரபாகர் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார்.

"தங்கமான ஆளும்மா, பேரமே பேசல. எந்த லாட்ஜு மாடின்னு மட்டும் கேட்டுக்கினு போனாரு."