போக மட்டும்

தங்கை வீட்டுக்குள் வந்து பெட்டியை வைத்ததும் சொன்ன முதல் செய்தி, விமானக் கம்பெனிக்காரன் பாயிண்ட்டுகளின் மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டான் என்பதுதான்.

அக்காவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"ஐயோ பாவம்" என்று வாய் சொன்னது. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. இன்றைக்கு ஓர் ஊர் என்றால் நாளை மறுநாள் இன்னோர் ஊர். டிக்கெட் செலவு கம்பெனியுடையது. பறந்ததற்கான பாயிண்ட் மட்டும் இவள் பேரில் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் காசில்லாமல் டிக்கெட் எடுக்கலாம். எட்டு வருஷமாக எறும்புபோலச் சேர்த்து வைத்திருந்தாள்.

அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை, மதியம் வரை. மீதிப் பொழுதெல்லாம் அப்பாவுக்கு. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக அவர் படுத்த படுக்கை. துடைத்துவிட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கரைத்துப் புகட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் யாரும் பாயிண்ட் கொடுப்பதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அப்பாவின் தலையணைக்கு அடியில் இருப்பதுதான் அவளுக்குத் தாங்காது.

அத்தனையும் தங்கையின் போர்டிங் பாஸ் துண்டுகள். வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுப்பாள். அசைகிற இடது கையால் அவர் வாங்கிச் செருகிக்கொள்வார். விரிப்பு மாற்றும்போது அவற்றைப் பொறுக்கி, அடுக்கி, பழையபடி வைப்பது அக்காவின் வேலை.

ஒருநாள் ஒன்றை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டாள். அப்பா தேடவில்லை. தேடாததும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

அடுத்த வாரம் அக்காவின் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. ஊரோ ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். போனில் மகள் கேட்டது ஒரே கேள்வி: "சித்தி வருவாங்களாம்மா?"

நீ வருவாயா என்று கேட்கவில்லை. வர முடியாது என்பது அவளுக்கே தெரியும். தெரிந்திருந்தாலும் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம்.

கறுப்பு அங்கி போட்ட மகளின் தோளில் தங்கை கை போட்டு நிற்கும் போட்டோ, எடுப்பதற்கு முன்பே அக்காவின் கண்ணில் ஒட்டிக்கொண்டு பத்து நாளாக இறங்க மறுத்தது. இப்போது பாயிண்ட் படுத்துவிட்டது. அந்தப் போட்டோவும் படுத்துவிடும்.

"முன்னாடின்னா போக வர ரெண்டுக்கும் வந்திருக்கும். இப்ப போக மட்டும்தான் தேறிச்சு" என்றாள் தங்கை.

"அடடா. அப்புறம் எப்படித் திரும்பி வருவே?" அக்காவின் குரலில் தேன் சொட்டியது.

"நான் எங்கக்கா போறேன்?"

தங்கை போனை நீட்டினாள். டிக்கெட்டில் இருந்தது அக்காவின் பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழுக்குப் பிறகு யாருமே கூப்பிட்டிராத அந்த முழுப்பெயர்.

"போக வர எடுத்திருந்தா, விழா முடிஞ்ச கையோட அப்பா அப்பான்னு ஓடி வந்திருவே. அவன் மதிப்பைக் குறைச்சது ஒரு வகையில நல்லதாப் போச்சு. ஒரு மாசம் லீவு போட்டுட்டேன். அவகூட இருந்துட்டு, மெதுவா ரயில்ல வா."

அக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொடுப்பதற்குக்கூட இவளிடம்தான் ஏதாவது இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் குழறலுக்கு அர்த்தம் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தி. டாக்டர்கூட அவரைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றார்?" என்று இவள் பக்கம்தான் திரும்புவார்.

"உன்னால முடியாது. அவர் பேசுறது உனக்கு ஒரு வார்த்தை புரியாது" என்றாள்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஆ... தா..."

வழக்கமாக இந்த நேரத்தில் வரும் குரல்தான். பார்த்தாயா என்பதுபோலத் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கா டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னும் இல்லப்பா. இப்பதான் சாப்பிடப் போறா."

உள்ளே குரல் அடங்கியது.

"உன்னைத்தான் கேக்குறாரு. அக்கா சாப்பிட்டாளான்னு" என்றாள் தங்கை. "நான் கூப்பிடுறப்ப போனை அவர் காதுல வச்சுட்டு நீ துணி துவைக்கப் போயிருவேல்ல, அப்ப தினமும் இதைத்தான் கேப்பாரு. எனக்கும் மொதல்ல புரியல. அவர் முகம் தெரியாததால வெறும் காதை வச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

அக்கா கையில் டம்ளரோடு நின்றாள்.

இரண்டு வருஷமாக அந்தக் குரலுக்கு அவள் தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவரும் ஒருநாளும் வேண்டாம் என்று தலையசைக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்.