கட்டில் கம்பி

"வலி போயிடுச்சாம்மா?" என்று மகன் கேட்டபோது தில்லைவாணியின் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து விழுங்கிய வலி மாத்திரை கேட்கவே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இந்த மாத்திரை உடம்புக்குள்ள போய்த்தான் மருந்தா மாறணும். உங்க உடம்பு அதை மாத்தாதுங்க. பிறவியிலேயே அப்படி, அப்பா அம்மா வழியா வர்றது. வேற தர்றேன்," என்றார்.

தில்லைவாணியின் அம்மா புற்றுநோயில் கிடந்தபோதும் இதே மாத்திரைதான். "கேக்கவே இல்லடி" என்று முனகியவளிடம், "பக்கத்து பெட் அம்மா இதையே போட்டுட்டு நல்லாத் தூங்குறாங்க. உனக்கு மட்டும் என்ன? நான் நாள் முழுக்க பக்கத்துலயே உக்காந்திருக்கணும், அதானே?" என்று தில்லைவாணி எரிந்து விழுந்தாள். அதன்பிறகு அம்மா, கட்டில் கம்பியைப் பிடித்தபடியே, "போயிடுச்சுடி, நீ போய்ச் சாப்பிடு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். இவளும் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

புது மருந்தில் சாயங்காலத்துக்குள் இடுப்பு லேசாகிவிட்டது. மகன் மறுபடியும் கேட்டான். கம்பியிலிருந்து கையை எடுக்காமல், "இல்லப்பா, இன்னும் இருக்கு," என்றாள் தில்லைவாணி.