உள்பக்கத்து வெல்டிங்

எண்ணூர்க் கழிமுகத்தில் கரையேற்றிப் போட்டிருந்த பழைய சரக்குப் படகின் அடிவயிற்றிலிருந்து அந்தத் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்ததிலிருந்தே வெல்டர் டெரிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. தகட்டை உள்பக்கமிருந்து வெல்டிங் செய்திருந்தார்கள். தகட்டுக்குப் பின்னாலிருந்த சிறு அறைக்கோ போக வர வேறு வழியே கிடையாது.

"உள்ளாற குந்திகினு வெல்டிங் அடிச்சவன் எப்டி மாமு வெளிய வந்தான்?"

"பேஜார் பண்ணாதடா. ஓட்டைய மூடு," என்றார் பெயின்டர் பரசுராமன்.

டெரிக் டார்ச் அடித்துப் பார்த்தான். காலி அறைதான். புதுத் தகட்டைப் பொருத்தி, கடைசி மூலையை அடைக்கும் முன் வழக்கப்படி சுத்தியலால் மூன்று முறை தட்டினான். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவார்கள். சத்தமில்லை. அடைத்து முடித்தான்.

டீ குடித்துவிட்டு வந்தபோது தகடு நன்றாக ஆறியிருந்தது. டெரிக் கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். பரசுராமன் சிவப்பு பிரைமர் பூசி முடித்தார்.

"இன்னாடா இது, மறுபடி சுடுது?"

தகட்டின் மேல் மூலையில் பூச்சு கொப்பளித்துக்கொண்டிருந்தது. டெரிக் சுத்தியலை எடுத்தான். தட்டத்தான் கை வரவில்லை.

கொப்புளம் இணைப்பின் ஓரமாகவே, கை பழகிய வெல்டரின் வேகத்தில், நிதானமாக அடுத்த மூலையை நோக்கி நகர்ந்தது.