ஏரியில் மூழ்கிய போஸ்ஸே

"செத்துப் போச்சும்மா என் போஸ்ஸே" என்று சொல்லி, நாயின் வெறும் கழுத்துப்பட்டையை மேஜைமேல் வைத்தான் தோர்க்கெல். கைக்குட்டையை எடுத்துக் கண்ணை அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த காப்பீட்டு அலுவலகத்துப் பெண் இல்வா பதறிப்போய்த் தன் காப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஐயோ பாவம்! எப்படிங்க?"

"சனிக்கிழமை ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். ஏரிமேல உறைஞ்ச பனிக்கட்டி ஏப்ரல் மாசத்துல இளகிக் கிடக்கும், கேக்கணுமா? நடு ஏரியில படக்குனு உடைஞ்சு உள்ள போயிடுச்சு. எட்டிப் பிடிச்சு இழுத்தேன், பட்டை மட்டுந்தான் கையோட வந்துச்சு."

ஏரியாவது, பனியாவது! நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மரம் வெட்டுகிற காட்டுப் பாதையில், பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு கயிற்றால் நாயை மரத்தோடு கட்டிப்போட்டு வந்தவன் இந்த மகராசன். அது குரைத்த குரைப்புக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாய்மேல் அவனுக்கு ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் மெர்த்தாமேல். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, "உன்னோட இனிமே ஒரு நாள்கூட முடியாது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்.

"வீடு, படகு எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. போஸ்ஸேயை மட்டும் எனக்குக் குடுத்துடு" என்று கெஞ்சினாள். நாயை வாங்கின காகிதம் தோர்க்கெல் பேரில் இருந்ததால் நாய் அவனுக்குத்தான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. வாசலில் நின்று அவள் அழுத அழுகை அவனுக்குப் போதவில்லை. ஜென்மத்துக்கும் அழ வேண்டும்.

நாய் செத்ததாக எழுதின காகிதத்தின் நகலை அவளுக்கு அனுப்ப வேண்டும், அதற்குத்தான் இன்று வந்ததே. காப்பீட்டுப் பணம் வெறும் கொசுறு.

உள் அறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ கரகரவென்று பிறாண்டியது.

"என்னம்மா அது?"

"பழைய கட்டடம் இல்லையா? ஹீட்டர் குழாய் இப்படித்தான் படுத்தும்" என்று சொல்லிக்கொண்டே இல்வா பாலிசியைப் பிரித்தாள். "நீங்க எடுத்திருக்கறது உயிர்க் காப்பு மட்டும். வைத்தியச் செலவு இதுல வராது. காணாமப் போனாலும் வராது. செத்தாத்தான் பணம். நிச்சயமா செத்துப் போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கண்ணு முன்னாலயே போச்சுன்னு சொல்றேன், நீ வேற!"

"கோவிச்சுக்காதீங்க. எல்லாம் சேர்ந்த பாலிசியா எடுக்கலாம்னு மெர்த்தா அன்னைக்கே சொன்னாங்க. நீங்கதான் இருக்கறதுலயே குறைஞ்சது போதும்னீங்க."

"அவ கிடக்கா! ஒரு நாய்க்குப் போய் அத்தனை பணத்தைக் கொட்டுவாங்களா? இப்ப விஷயம் தெரிஞ்சா துடிச்சுப் போவா, பாவம்." 'பாவம்' என்னும்போது உதட்டோரம் வந்த சிரிப்பைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டான்.

இல்வா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விதி இருக்கு, வாசிச்சுடறேன். நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து நாய்மேல உங்களுக்கு இருந்த உரிமை அத்தனையும் எங்க கம்பெனிக்கு வந்துடும். பணம் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, நாளைக்கே நாய் உயிரோட வந்து நின்னாலும் சரி, நீங்க கேக்க முடியாது. புரிஞ்சுதா?"

தோர்க்கெல் வாய்விட்டே சிரித்துவிட்டான். "ஏரிக்கு அடியில கிடக்கற நாய் எங்கம்மா வந்து நிக்கப் போகுது? வந்தா நீங்களே வச்சுக்கோங்க. மடியில தூக்கி வச்சுக் கொஞ்சுங்க. பேனாவைக் குடு."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். மூன்றாவதை ரசித்து, இழுத்துச் சுழித்துப் போட்டான்.

"இதுல ஒரு நகல் வேணும். மெர்த்தாவுக்குத் தபால்ல அனுப்பணும்."

"தபால் எதுக்குங்க, வீண் செலவு?" இல்வா முத்திரையை ஓங்கிக் குத்தினாள். எழுந்து போய் உள் அறைக் கதவைத் திறந்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒன்று பாய்ந்து வந்தது. போஸ்ஸே! கழுத்தில் கயிறு அறுத்த இடத்தில் மருந்து பூசியிருந்தது. தோர்க்கெலைப் பார்த்ததும் காதை மடக்கி, பல்லைக் காட்டி உறுமியது.



"மரம் ஏத்தற லாரிக்காரர் அன்னைக்குச் சாயங்காலமே பார்த்துட்டார். அதோட உடம்புக்குள்ள இருக்கற சிப் நம்பர்ல எங்க பாலிசி பதிவாகியிருந்ததால இங்க கொண்டு வந்து விட்டாங்க" என்றாள் இல்வா. "கட்டிப்போட்டதைப் பத்திப் போலீஸ்ல கேப்பாங்க, அங்க பேசிக்கோங்க. பணம் ஒரு குரோனாகூடக் கிடையாது."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல விழித்துக்கொண்டு எழுந்தான். பிறகு அவன் முகத்தில் பழைய விஷம் திரும்பியது.

"பணம் போனாப் போகுது! நாய் என்னோடது, கோர்ட்டே சொல்லியிருக்கு. இப்பவே இழுத்துட்டுப் போறேன். அந்த மெர்த்தா இதோட வாலைக்கூடப் பார்க்க முடியாது!" பட்டையை எடுத்துக்கொண்டு போஸ்ஸேயின் கழுத்துக்குக் குனிந்தான்.

இல்வா ஈரம் காயாத அந்தக் காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். உள் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"மெர்த்தா, கையெழுத்துப் போட்டுட்டார்! வந்து உங்க நாயைக் கூட்டிட்டுப் போங்க."